சுதந்திரம் என்பது யாது?

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரணமடைந்து பௌத்தராகிய நம்மை நோக்கி இரு பக்கங்களிலிருந்து ஒரே ஐயம் எழுப்பப்படுகின்றது. பிற சமயத்தார் சிலர், “பழைய தளைகளை அறுத்துவிட்டோம் என்று முழங்குகின்றீர்கள், அறுத்த கையோடு இன்னோரிடம் சரணம் புகுகின்றீர்கள், சரணம் புகுந்தவன் சுதந்திரன் ஆவானோ?” என்று வினவி நகைக்கின்றனர். நம் இல்லங்களிற் பிறந்து வளர்ந்த இளைஞர் சிலரோ, “நாங்கள் படித்தோம், வேலை பெற்றோம், எவரையும் சார்ந்து நிற்கும் நிலையில் இல்லை, விகாரையும் சங்கமும் பௌர்ணமிக் கூட்டமும் எங்களுக்கு எதற்கு? நாங்கள் சுதந்திரமானவர்கள்” என்கின்றனர்.

முன்னவர் நம்மைச் சுதந்திரமற்றவர் என்கின்றனர். பின்னவர் தம்மைச் சுதந்திரர் என்கின்றனர். ஆயினும் இருவரும் அச்சொல்லுக்குக் கொண்ட பொருள் ஒன்றே: எதனையும் எவரையும் சாராதிருத்தல். அப்பொருள் பொருந்துமாயின் முன்னவர் நகைப்பிற்கு நம்மிடம் விடையில்லை. பின்னவரை விகாரைக்கு அழைக்க நமக்கு வாயும் இல்லை. ஆதலின் அச்சொல்லையே முதற்கண் ஆராய்வோம்.

சொற்களும் அவற்றின் வேர்களும்

ஆங்கிலத்தில் ‘இண்டிபெண்டென்ட்’ என்னும் ஒரே சொல் நிற்கும் இடங்களில் தமிழில் நாம் பல சொற்களை வழங்குகின்றோம். நாடு சுதந்திர நாடு எனப்படும். கட்சியின்றித் தேர்தலில் நிற்பவர் சுயேச்சை வேட்பாளர் எனப்படுவார். தன் காரியத்தைத் தானே நடத்தும் அமைப்பு சுயாதீனமானது எனப்படும். அடிமை நாடும் சிறைப்பட்டவனும் பெறுவது விடுதலை எனப்படும். ஆங்கிலச் சொல், இலத்தீன் மொழியில் தொங்குதலைக் குறிக்கும் வேரினின்று வந்தது. ஒன்றைப் பற்றித் தொங்காமையே அதன் சொற்பொருள். நம் சொற்களின் வேர்கள் வேறு.

சுதந்திரம் என்பது வடமொழியில் ஸ்வதந்த்ரம். ‘ஸ்வ’ என்பது தனது; ‘தந்த்ரம்’ என்பதற்குத் தறி என்றும், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு என்றும் பழம்பொருள் உண்டு. பல்லாண்டு ஆலைத்தறியின் முன் நின்ற நமக்கு இச்சொல் பிறந்த இடம் அந்நியமன்று. பாவு நூல்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றன் அருகே ஒன்றாக உருளையினின்று வருகின்றன. தறியேறுமுன் அவற்றுக்குக் கஞ்சி ஊட்டவேண்டும். கஞ்சியுண்ணாத நூல் தறியின் இழுப்பைத் தாங்காது. தானியங்கித் தறியில் ஒவ்வொரு நூலும் ஒரு மெல்லிய தகட்டைத் தாங்கி நிற்கும். ஒரு நூல் அறுந்தால் அதன் தகடு விழும். தகடு விழுந்தால் தறி முழுவதும் நிற்கும். ஊடை பாயாவிடில் அத்தனை நூலும் துணியாகா. தன் பாவைத் தானே விரித்துத் தான் கருதியதை நெய்பவன் ஸ்வதந்த்ரன். பிறன் பாவில் பிறன் சொற்படி நெய்பவன் பரதந்த்ரன். எனினும் தன் பாவுடையவன் நூலும் கஞ்சியும் ஊடையும் வேண்டாதவன் அல்லன். சுதந்திரம் என்னும் சொல்லே சார்பின்மையைக் கூறவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

சுயேச்சை என்பது ‘ஸ்வ’, ‘இச்சை’ என்னும் இரண்டன் கூட்டு. தன் விருப்பம் என்பது பொருள். உலகத்தார் இதனைச் சுதந்திரத்தின் சிகரமாகக் கருதுவர். பகவான் புத்தரோ துக்கத்தின் காரணத்தை ஆராய்ந்தபோது கண்டது வேட்கையையே. மாலையில் கூலியை வாங்கிக்கொண்டு நேரே கள்ளுக்கடைக்குச் செல்பவன், “என் காசு, என் விருப்பம்” என்கின்றான். அவனை எவரும் பிடித்துத் தள்ளவில்லை என்பது உண்மை. ஆயினும் கடையைக் கடந்து வீட்டிற்குச் செல்ல அவனால் இயலுமோ? இயலாதெனின், தன் இச்சைப்படி நடப்பவன் என்று அவனைக் கூறுவதினும், இச்சை அவனை நடத்துகின்றது என்று கூறுவதே தகும்.

சுயாதீனம் என்பது தனக்குத் தானே அதீனமாதல், அதாவது தன் ஆட்சிக்குள் தான் இருத்தல். இசிபதனத்தில் ஐந்து பிக்குகளுக்கு உரைத்த இரண்டாம் போதனையில் பகவான் இதனையே சோதித்தார். இவ்வுடல் நமக்கு முற்றும் உரியதாயின், நோயுறாதே, மூப்படையாதே என்று ஆணையிட்டால் அது கேட்கவேண்டும், கேட்பதில்லை. தன் உடல்மேலும் முழு ஆட்சியில்லாத மனிதன், எதனையும் சாராது நிற்கின்றேன் என்பது எங்ஙனம் பொருந்தும்?

எஞ்சிய சொல் விடுதலை. அதன் வேர் ‘விடு’ என்னும் தூய தமிழ் வினை. பற்றற்ற நிலையாகிய ‘வீடு’ என்பதும் அவ்வேரினின்றே பிறந்தது. சிறைக்கதவைப் பிறர் திறந்துவிடுதலும் விடுதலையே. தன் கை இறுகப் பற்றியதைத் தானே விடுதலும் விடுதலையே. முதலாவதைச் சட்டம் தரும். இரண்டாவதை எச்சட்டமும் தராது.

களத்து மேட்டுச் சுதந்திரம்

சுதந்திரம் என்னும் இனிய சொல் நம் முன்னோர் காதில் எவ்வாறு ஒலித்தது என்பதையும் அறிதல் வேண்டும். மதராஸ் மாகாணத்துப் பழைய வருவாய்த்துறை ஏடுகளில், அறுவடைக் காலத்தில் களத்து நெல்லினின்று மிராசுதாரர்க்கும் ஊர் ஊழியர்க்கும் பரம்பரையாக அளக்கப்படும் பங்கு ‘சுதந்திரம்’ என்று வழங்கப்பட்டது. கிறித்தவ வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் ‘சுதந்தரம்’ என்பது வழிவழிச் சொத்தையும், ‘சுதந்தரவாளி’ என்பது அதற்குரிய வாரிசையும் குறிக்கும். பிறப்பினால் வருவது என்பதே இவ்வழக்கின் கருப்பொருள். ஒரே களத்தில், ஒரே சொல்லால், ஒருவனுக்கு நிலத்தின்மேல் உரிமையும் மற்றொருவனுக்குச் சில படி நெல்லும் அளக்கப்பட்டன. சில படி நெல் பெற்றவன், தன் தந்தை செய்த ஊழியத்தைத் தானும் செய்து தன் மகனுக்கும் விட்டுச் சென்றான். நெல்லோடு ஊழியமும் அவனுக்குச் ‘சுதந்திரம்’ ஆயிற்று.

மகாராஷ்டிரத்து மகர் மக்களைப் பிணித்திருந்த ‘வதன்’ முறையும் இத்தன்மையதே. சிறு துண்டு நிலமும் ஊராரிடம் பெறும் தானியமும் கூலியாக, சர்க்காருக்கும் ஊருக்கும் இரவென்றும் பகலென்றும் பாராது அழைத்தபோதெல்லாம் ஓடவேண்டும். நிலம் உண்டு, உரிமை என்னும் பெயரும் உண்டு. ஆனால் காலையில் எழுந்து இன்று எங்கே செல்வது என்று தீர்மானிக்கும் ஆற்றல் இல்லை. டாக்டர் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டசபையில் இம்முறையைத் திருத்த மசோதாக் கொணர்ந்தார். ஊர்த் தாழ்நிலை வதன்கள் ஒழிக்கப்பட்டதோ 1958இல், அவர் மறைந்த பின்னரே. ஒரு சொல்லின் பெயரைக் கொண்டு அதன் பொருளை முடிவு செய்யலாகாது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்றுகள்.

நாட்டு நடப்பில் இச்சொல்

இனித் தேர்தலை நோக்குவோம். சுயேச்சை வேட்பாளர் எவரையும் சாராதவர் என்பது மக்கள் எண்ணம். சட்டம் கூறுவது வேறு. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரு வாக்காளர் போதும்; சுயேச்சை வேட்பாளர்க்கோ, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் செய்த திருத்தத்தின்படி, தொகுதி வாக்காளர் 10 பேர் கையொப்பமிடவேண்டும். தனித்து நிற்பவனுக்கே அதிகக் கைகள் வேண்டியிருக்கின்றன! வென்றபின் அவர் ஒரு கட்சியிற் சேர்வாராயின், 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியை இழப்பார். கட்சியைச் சாராதவரும் தம்மை நம்பி வாக்களித்தோரைச் சார்ந்தவரே என்பது இதன் கருத்து.

டாக்டர் அம்பேத்கர் 1936இல் தொடங்கிய கட்சிக்குச் ‘சுதந்திரத் தொழிலாளர் கட்சி’ என்று பெயரிட்டார். ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையை நெருக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து 1938 நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் வேலைநிறுத்தம் நடைபெற்றபோது, கொள்கையில் தம்மோடு மாறுபட்ட பொதுவுடைமையாளரோடு அக்கட்சி கைகோத்து நின்றது. பிறரோடு சேரலாகாது என்பது அதன் சுதந்திரமன்று. எவரோடு, எதன்பொருட்டு, எதுவரை சேர்வது என்பதைத் தானே தீர்மானித்ததே அதன் சுதந்திரம்.

இன்னொரு செய்தி நம்மவர் பலர் அறியாதது. 1946 டிசம்பர் 13ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பண்டித நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில், இந்தியா ‘சுதந்திர இறையாண்மைக் குடியரசு’ ஆகும் என்றிருந்தது. அம்பேத்கர் தலைமையில் அமைந்த வரைவுக் குழு 1948 பிப்ரவரியில் அளித்த வரைவில் ‘சுதந்திர’ என்னும் சொல்லை நீக்கியது. இறையாண்மை என்பதிலேயே அது அடங்கும், தனியே கூறுவதாற் பயனில்லை என்று காரணமும் காட்டியது. அவ்விடத்தில் ‘ஜனநாயக’ என்னும் சொல் வந்தது. அதே குழு, தீர்மானத்தில் இல்லாத ஒன்றை முகவுரையில் புதிதாகவும் சேர்த்தது, அது சகோதரத்துவம். பிறநாட்டான் ஆட்சி நீங்கினாலும், உள்நாட்டில் மனிதன் மனிதனை மதியாதவிடத்துச் சுதந்திரம் என்னும் சொல் வெறும் பலகையே என்பதை அக்குழுவின் தலைவர் நன்கறிவார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, தம் ஆசானாகிய புத்தரிடமிருந்தே பெற்றதாக 1954இல் வானொலியில் அவர் உரைத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இக்காலத்தில் இச்சொல் நம் பிள்ளைகளை வேறொரு வடிவில் நாடி வருகின்றது. வண்டியேறி வீடு வீடாக உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் இளைஞர்களைக் கம்பெனிகள் தொழிலாளர் என்று கூறுவதில்லை. ‘பார்ட்னர்’ என்றும் சுதந்திரமாகத் தொழில் புரிவோர் என்றும் கூறுகின்றன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இத்தகையோரை, முதலாளி தொழிலாளி என்னும் வழக்கமான உறவுக்குப் புறம்பானோர் என்றே வரையறுத்தது. நேரத்தைத் தாமே தெரிந்துகொள்ளலாம் என்பது ஒரு நன்மையே. ஆனால் ஒரு நடைக்கு இவ்வளவு என்னும் கூலியை அவர்கள் பேச முடிகின்றதோ? வழியில் விழுந்து கால் முறிந்தால் அன்று எவர் அவர்க்குப் பொறுப்பு? சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் எசமானனுக்கு ஐந்து கடமைகளை விதித்தார்: வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயிற் பேணுதல், நல்லுணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல். தொழிலாளிக்கும் ஐந்து கடமைகள் உண்டு. சார்பு இருபுறமும் ஓடுவது. தொழிலாளியைச் சுதந்திரன் என்று அழைத்துவிட்டால் எசமானன் தன் ஐந்தினின்றும் நழுவுகின்றான்; தொழிலாளியின் ஐந்தோ அப்படியே நிற்கின்றன.

பகவான் காட்டிய அளவுகோல்

யாவும் சார்பினால் தோன்றுவன என்பது பௌத்தத்தின் உயிர்நிலை. மணிமேகலையின் 30ஆம் காதை விரித்துரைக்கும் பன்னிரு நிதானங்களும் இதனையே கூறும். சாராத பொருள் உலகில் ஒன்றும் இல்லையாயின், பௌத்தன் சுதந்திரத்தைப் பற்றிப் பேசலாமோ? பேசலாம், பகவானே பேசியுள்ளார். சதிபட்டான சூத்திரத்தில், உலகில் எதனையும் பற்றாது வாழும் பிக்குவை ‘அநிஸ்ஸித’ என்று குறிப்பர். ஒட்டிச் சாயாதவன் என்பது பொருள். தம்மத்தைக் கண்டுணர்ந்த உபாசகனை ‘அபரப்பச்சய’ என்பர். போதனை மெய்யென அறியப் பிறர் சொல்லை வேண்டாதவன் என்பது பொருள். இவ்விரு சொற்களும் மனத்தின் நிமிர்வைக் குறிக்கின்றனவேயன்றிச் சோற்றுக்கும் துணிக்கும் பிறரை நாடாமையைக் குறிக்கவில்லை. அவ்வாறு வாழ்ந்த பிக்குகளே நாள்தோறும் ஓடேந்தி ஊராரிடம் உணவு பெற்றனர் அன்றோ!

அந்நிமிர்வு எவ்வாறு வரும் என்பதற்கு விநயத்தில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. அதன் பெயர் ‘நிஸ்ஸயம்’, அதாவது சார்பு. புதிதாகச் சங்கத்திற் சேர்ந்த பிக்கு ஓர் ஆசிரியரைச் சார்ந்தே வாழவேண்டும். கற்றுத் தேர்ந்து ஆற்றல் பெற்றவனுக்கு 5 ஆண்டுகள் போதும். ஆற்றல் பெறாதவன் வாழ்நாள் முழுவதும் சார்ந்திருக்கவேண்டும். அச்சார்பில் மூன்று இயல்புகளைக் காண்கின்றோம். மாணவன் நோயுற்றால் ஆசிரியர் பேணவேண்டும், ஆசிரியர் நோயுற்றால் மாணவன் பேணவேண்டும். ஆதலின் அது இருபுறச் சார்பு. ஆசிரியர்க்குத் தவறான காட்சி தோன்றினால் அதனை நீக்க முயல்வது மாணவன் கடமை. ஆதலின் அது வினவத்தக்க சார்பு. மாணவன் தகுதி பெற்ற நாளில் அது முடிவடைகின்றது. ஆதலின் அது சார்ந்தவனை நிமிர்த்தி அனுப்பும் சார்பு.

இதுவே நமக்கு அளவுகோல். களத்து நெல்லையும் வதனையும் இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒருபுறமே கடமை, வினவினால் அடி, முடிவோ தலைமுறை கடந்தும் இல்லை. அடிமைத்தனம் என்பது சார்ந்திருத்தல் அன்று. எழுந்திருக்கவிடாத சார்பில் இருத்தலே அடிமைத்தனம்.

பகவான் தம்மையும் இவ்வளவுகோலுக்கு உட்படுத்தினார். நிகண்டரின் அடியாராகிய உபாலி என்னும் செல்வர் அவரிடம் சரணம் வேண்டியபோது, நன்கு ஆராய்ந்து செய்க என்று தடுத்தார். அதுகாறும் நிகண்டர்க்கு அளித்துவந்த உணவை நிறுத்தவேண்டா என்றும் கூறினார். இறுதிக் காலத்தில் வேளுவ கிராமத்தில் நோயினின்று எழுந்து அமர்ந்து, ஆசானின் மூடிய கை தமக்கில்லை, மறைத்து வைத்தது ஒன்றுமில்லை என்று ஆனந்தருக்கு உரைத்து, தமக்குத் தாமே தீவாகவும் சரணாகவும் வாழுமாறும், தம்மத்தையே சரணாகக் கொள்ளுமாறும் பணித்தார். தானே தனக்குச் சரணம் என்பதும் தம்மம் சரணம் என்பதும் ஒரே மூச்சில் வந்தமை காண்க.

இதனால் முன்னவர் நகைப்பிற்கு விடை கிடைத்தது. நாம் புகுந்த சரணம், வினவுக என்று ஏவும் சரணம். நிமிர்ந்து நடக்கக் கற்பிக்கும் சரணம். அத்தகைய சார்பைக் கொண்டவன் சுதந்திரத்தை இழக்கவில்லை. அதற்குரிய பயிற்சியில் இருக்கின்றான்.

இளைஞர்க்கும் நமக்கும்

எவரையும் சாரேன் என்னும் இளைஞர்க்கு அன்போடு ஒன்று கூறுவோம். எவரையும் சாரேன் என்பவன் பெரும்பாலும் ஏதோ ஒன்றையே முற்றும் சார்ந்திருப்பவன்; அதனை அறியாமையால் சுதந்திரன் என எண்ணுகின்றான். கோலார் தங்கவயலில் வேலையும் குடியிருப்பும் மருத்துவமும் சுரங்கத்தோடு பிணைந்திருந்தன. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது நம் தமிழ் மக்கள் பலர் வேலை தேடிப் பெங்களூர் செல்லும் இரயிலைத் தினமும் பிடிக்கவேண்டியதாயிற்று. மாதச் சம்பளம் ஒன்றையே தூணாகக் கொண்டவனுக்கு அது சாயும் நாளில் தோள் கொடுக்க மனிதர் வேண்டும். அம்மனிதரை அன்று தேடினால் கிடையார். சாயாத நாளிலேயே சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

நீங்கள் படித்த படிப்பும் தனித்து விளைந்ததன்று. பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அதற்காக உழைத்தோர் உங்களைக் கண்டவரல்லர். அம்பேத்கரே 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றே கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். உதவி பெற்றமையால் அவர் அறிவு எவர்க்கும் அடிமையாகவில்லை. பெற்ற கடனைத் தம் மக்களுக்கு உழைத்துத் தீர்த்தார். பெற்றதை மறுப்பது சுதந்திரமன்று. பெற்றதை அறிந்து, அடுத்தவன் எழும்படி அதனைத் தருவதே சுதந்திரன் செயல்.

முடிவாக, தம்மம் போதிக்கும் நமக்கும் நம் சங்கங்களுக்கும் அதே அளவுகோலை வைப்போம். திருமணமாயினும் ஈமக்கடனாயினும் போதகர் வந்தாலன்றி ஒரு வீட்டில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓத எவருமில்லை எனின், அவ்வீட்டார் புரோகிதனை மாற்றினரேயன்றிப் புரோகிதத்தை நீக்கவில்லை. கணக்கைக் கேட்ட உறுப்பினரை முகஞ்சுளித்து நோக்கும் சங்கம், ஆசானின் மூடிய கையை மீண்டும் மூடுகின்றது. ஆதலின் இப்பௌர்ணமி முதல் ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவரேனும், குறிப்பாக உபாசிகையர், வந்தனையைத் தாமே நடத்தக் கற்பிப்போமாக. கூட்டத்தில் உரை முடிந்ததும் வினாவுக்கென அரைமணி ஒதுக்குவோமாக. நம்மை வேண்டாமலே நம் மக்கள் தம்மத்தில் நடக்கும் நாள் வருமாயின், போதகராகிய நாம் செய்த பணி அன்றே நிறைவுறும்.

பவது சப்ப மங்களம்.